ஐ கோ, டீச்சர்

இங்கிலீஷில் சொன்னால் கணக்கில் சேருமா, சேராதா என்பதுதான் காலையிலிருந்து வேல்த்தாய்க்குப் பிடிபடவில்லை. வீட்டு நடையில் கால் நீட்டி உட்கார்ந்து வெடிக்குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். காகிதத்தைக் கம்பியில் சுற்ற வேண்டியது, ஓரத்தில் பசையைத் தடவ வேண்டியது, பலகையில் வைத்து ஒரு உருட்டு, கம்பியை உருவினால் குழாய். மருந்து கிடையாது, திரி கிடையாது, வெறும் காகிதம். எங்கேயோ ஒரு கம்பெனியில் யாரோ இதில் மருந்தை அடைத்துத் தீபாவளிக்கு அனுப்புவார்கள். அதுவரைக்கும் இது பாவம், ஒன்றும் அறியாது. சேராது என்று ஒரு குழாய் தட்டில் விழுந்தது. சேரும் என்று அடுத்தது. சாமிக்கு இங்கிலீஷ் தெரியுமா? மாரியம்மனுக்கு எப்படித் தெரியும், அவள் என்ன கான்வென்டிலா படித்தாள், தன்னைப் போல அவளும் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்காரிதான் என்று நினைத்து வேல்த்தாய்க்குச் சிரிப்பு வந்தது. அது உதட்டுக்கு வந்து சேருவதற்குள் உள்ளேயிருந்து மகள் கனிஷ்கா மறுபடி ஆரம்பித்துவிட்டாள். ஐ கோ. வி கோ. யூ கோ. ஹீ கோஸ். ஷீ கோஸ். இட் கோஸ். தே கோ. இரண்டாம் வகுப்பு, திங்கட்கிழமை டெஸ்ட். நான் போறேன், நாம போறோம், நீ போற, அவன் போறான் என்று ஒரே சொல்லை ஆளுக்கு ஆள் மாற்றிச் சொல்ல வேண்டுமாம். புத்தகத்தில் இருக்கிற அத்தனை வார்த்தையில் அந்த மிஸ்ஸுக்கு இதுதான் கிடைத்ததா. சாப்பிடு இல்லையா, தூங்கு இல்லையா, விளையாடு இல்லையா. ஹீ கோஸ், ஹீ கோஸ், ஹீ கோஸ் என்று அந்த இடத்தில் மட்டும் பிள்ளைக்குத் தடுக்குகிறது, திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நிற்கிறது, காலில் முள் குத்திய ஆடு மாதிரி.

ஊரில் யாரும் வாசலில் நின்று போறேன் என்று சொல்வதில்லை, வாரேன் என்றுதான் சொல்வார்கள். மற்ற வீடுகளில் அது பழக்கம். வேல்த்தாய் வீட்டில் அது கதவுக்குத் தாழ்ப்பாள் மாதிரி, போடாமல் படுக்க முடியாது. சிலிண்டர் இறக்கிவிட்டு, போறேன்க்கா என்கிற பையனைக்கூட நிறுத்தி, வாரேன்னு சொல்லு தம்பி என்பாள். உடனே வந்தா நீங்க காசு கொடுக்கணுமேக்கா என்று அவன் சிரிப்பான். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் போலாம் ரைட் என்று குரல் கொடுக்கும்போதெல்லாம், போயிட்டு வரலாம் ரைட் என்று மனசுக்குள் திருத்திக்கொள்வாள். அவள் புருஷன் சீனிராஜுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற ரூமில் அவனுக்கு வேலை. மருந்துக்குக் காது கிடையாது, உராய்வு மட்டும்தான் அதுக்குத் தெரியும் என்பான். ஆனாலும் பெண்டாட்டிக்காக ஒரு நாளும் விட்டதில்லை. வண்டியை மிதித்துக் கிளப்பி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, நடையைத் திரும்பிப் பார்த்து, வாரேன் தாயி என்பான். தாயி என்றது என்னைத்தான் என்று அம்மாவும் மகளும் அப்புறம் சண்டை போட்டுக்கொள்வார்கள். இன்றைக்கு விடிந்ததும் விடியாததுமாகக் கனிஷ்கா தோசைக் கரண்டியை எடுத்துக்கொண்டு டீச்சர் ஆகிவிட்டாள். அப்பாதான் மாணவன். வண்டியைக் கிளப்பிய பிறகும் விடவில்லை. ஐ வந்தா என்ன சொல்லணும், சொன்னாத்தான் விடுவேன் என்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். அவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைக் கட்டினான். "ஐ கோ, டீச்சர்" என்றான். பாஸ் என்று அவள் கையை எடுத்தாள், வண்டி நகர்ந்துவிட்டது. அவ்வளவுதான். அடுப்படியில் நின்ற வேல்த்தாய்க்கு வண்டிச் சத்தம் தேய்கிறபோதுதான் எது விட்டுப்போனது என்று உறைத்தது. ஓடி வாசலுக்கு வந்தாள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அவனுடைய மங்கிப்போன பருத்திச் சட்டை தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். வாயைத் திறந்தாள். போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. மூடிக்கொண்டாள். கூப்பிடாவிட்டால் அவன் சொன்ன சொல் நிற்கும், கூப்பிட்டால் அவள் போட்ட சத்தம் நிற்கும். இதில் எது பெரிசு என்று அவள் தராசு பிடிப்பதற்குள் சட்டை தொட்டி மூலையில் திரும்பிவிட்டது.

விளையாட்டுக்குச் சொன்னது. சிரித்துக்கொண்டே சொன்னது. அதுவும் வேற்றுப் பாஷையில் சொன்னது. சேராது. காகிதம் கம்பியில் கோணலாகச் சுற்றியது, பிரித்துத் திரும்பச் சுற்றினாள். ஷீ கோஸ் என்றாள் கனிஷ்கா உள்ளே, அந்த ஷீ வந்ததும் வேறு யார் வருவார், மாரிக்கனி அக்காதான் வருகிறாள், பச்சைத் தாவணியோடு. வேல்த்தாய்க்கு அப்போது மூன்றாம் வகுப்போ நாலாம் வகுப்போ. தெருவில் கம்பெனி வேன் நின்று ஹாரன் அடிக்கிறது. கஞ்சியைக் குடிச்சிட்டுப் போ என்கிறாள் அம்மா. தினமும் இந்தக் கஞ்சிதானா என்கிறாள் அக்கா. ஹாரன். அம்மா என்னவோ முணுமுணுக்கிறாள், கொழுப்பு என்றோ என்னவோ. ஹாரன். நான் போறேன் என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு அக்கா ஓடுகிறாள், தாவணி நுனி கதவு நாதாங்கியில் மாட்டிக்கொள்கிறது, வெடுக்கென்று இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். கதவு அவளைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துப் பார்த்தது. கதவுக்குத் தெரிந்திருக்கிறது. இதெல்லாம் நடந்து எவ்வளவோ காலம் ஆயிற்று, ஆனால் நினைக்கும்போது ஓடினாள் என்று வருவதில்லை, ஓடுகிறாள் என்றுதான் வருகிறது, ஒவ்வொரு தடவையும் ஓடுகிறாள், ஒவ்வொரு தடவையும் நாதாங்கியில் மாட்டுகிறாள், இந்தத் தடவையாவது தாவணி கிழியாமல் கெட்டியாக இருக்கக் கூடாதா என்று வேல்த்தாய் பல்பொடி அப்பிய வாயோடு பார்த்துக்கொண்டே நிற்கிறாள். மத்தியானம் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு வரிசையில் நிற்கையில் கையில் பிடித்திருந்த தட்டு தானாக அதிர்ந்தது. பிறகுதான் சத்தம் கேட்டது.

கம்பெனி ஷெட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் செருப்பு மட்டும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தது. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு, போறேன்னு சொல்லிட்டாளே, போறேன்னு சொல்லிட்டாளே என்று அழுதாள். மருந்தைச் சொல்லவில்லை. அந்த வெயிலில் அத்தனை பேரை ஒரே ஷெட்டில் உட்கார்த்திவைத்தவனைச் சொல்லவில்லை. மருந்தைக் குறை சொன்னால் மறுநாள் மருந்துக்கு யார் போவது, அப்பாவுக்கும் அதே வேலை, சித்தப்பாவுக்கும் அதே வேலை, மழை பேயாத கரிசலில் வேறு என்ன முளைக்கும். அதனால் எல்லாருமாகச் சேர்ந்து வார்த்தையைக் குறை சொன்னார்கள். வார்த்தையை நிறுத்தினால் யாருக்கும் சம்பளம் குறையாது. வளர்ந்த பிறகு வேல்த்தாய்க்கு இது புரிந்தது. புரிந்து என்ன செய்ய, புரிந்துவிட்டது என்பதற்காகப் பயம் கிளம்பிப் போய்விடுமா. ஆறாம் வகுப்பில் இங்கிலீஷ் சார் இதே பாடத்தைக் கோரஸாகச் சொல்லச் சொன்னபோது அவள் உதட்டை மட்டும் அசைத்தாள், குரலை விடவில்லை. சார் கண்டுபிடித்துவிட்டார். உள்ளங்கையில் பிரம்பு விழுந்தது. அப்போதும் சொல்லவில்லை. பிள்ளை பிறந்ததும் மாரிக்கனி என்று பேர் வைக்க யாருக்கும் தைரியம் இல்லை, விட்டுவிடவும் மனசில்லை, பாதியை எடுத்துக் கனிஷ்கா என்று வைத்தார்கள். அந்தப் பாதிதான் இப்போது உள்ளே உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டே சொல்கிறது, ஐ கோ, வி கோ.

பசை உலர்ந்து விரலில் தோல் தோலாக உரிந்தது. எழுந்து தண்ணீர் குடித்தாள். தண்ணீர் குடிக்கத்தான் எழுந்தாள், கை போனை எடுத்தது. கம்பெனி வாசலில் போனை அணைத்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் அவனுக்குப் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று அந்தப் பொம்பளை சொல்வாள், அதைக் கேட்டுக்கொண்டால் போதும். அணைந்திருக்கிறது என்றால் எல்லாம் எப்போதும் போல இருக்கிறது. ஆனால் மணி அடித்தது. காதில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அடித்து அடித்து ஓய்ந்தது. ஏன் அடிக்கிறது? வாசலில் கொடுக்க மறந்துவிட்டானா. அப்படியென்றால் போன் எங்கே இருக்கிறது, சட்டைப் பையிலா. சட்டைப் பையோடு மருந்து ரூமுக்குள்ளா. ஒரு மோதிரம் போட்டுக்கொண்டு உள்ளே போகக் கூடாது, அரைஞாணில் இரும்புச் சாவி தொங்கக் கூடாது, அங்கே இவள் மணி அடித்திருக்கிறாள். போனை அரிசிப் பானை மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள், அது இங்கேயே வெடித்துவிடும் என்பது போல. அவன் ஒரு சொல்தான் சொன்னான், அது பாதிதான் சேரும், இங்கிலீஷ். மிச்சப் பாதியை நானே கையால் போட்டு முழுசாக்கிவிட்டேனா. இல்லை இல்லை, வாட்ச்மேன் பெட்டிக்குள்தான் இருக்கும், அணைக்க மறந்திருப்பான், பெட்டிக்குள் கிடந்து அடித்திருக்கும், வாட்ச்மேன் சலித்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதான். திரும்ப வந்து கம்பியைக் கையில் எடுத்தாள். யூ கோ, ஹீ, ஹீ, ஹீ.

அப்போதுதான் அந்தச் சத்தம். பெரிசாக ஒன்றுமில்லை, தூரத்தில் யாரோ கனமான கதவைச் சாத்தினாற்போல. தெருவில் இருந்த பொம்பளைகள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள், ஒருத்தி கையில் மாவு, ஒருத்தி தலையில் பாதி பின்னிய சடை. அந்த ஊரில் சத்தம் கேட்டால் யாரும் என்ன என்று கேட்பதில்லை, வானத்தைத்தான் பார்ப்பார்கள், புகை எந்தப் பக்கம் எழும்புகிறது என்று. புகை பார்க்கும்போது யாரும் யார் பேரையும் சொல்ல மாட்டார்கள். வேல்த்தாய் கையில் பாதி உருட்டிய குழாயோடு நின்று, கம்பெனி இருக்கிற தெற்கே பார்த்தாள். வானம் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. கொக்கு ஒன்று. அது புகையில்லை, கொக்குதான். கண் எரிய எரிய இமைக்காமல் பார்த்ததில் வானமே மெல்லக் கறுக்கிற மாதிரி இருந்தது, இமைத்தால் வெளுத்தது. பக்கத்து வீட்டுப் பாக்கியம் மதினி வந்து அவள் தோளில் கை வைத்தாள். அது கல் குவாரி பிள்ள, நம்ம சத்தம்னா முதல்ல சன்னல் பேசும், அப்புறம்தான் காது கேக்கும் என்றாள். அப்புறம் வேல்த்தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன் புருஷனுக்கு ஆயுசு கெட்டி. உன் வாயவே இத்தனை வருஷம் தாங்கிட்டான், மருந்து என்ன செய்யும் அவனை?" என்றாள். தெருவே சிரித்தது. வேல்த்தாயும் சேர்ந்துதான் சிரித்தாள், தெருவில் எல்லாரையும் சிரிக்கவைக்கிறவள் அவள்தானே, அவள் சிரிக்காவிட்டால் எல்லாரும் பயந்துவிடுவார்கள். கையிலிருந்த குழாய் நசுங்கிப்போயிருந்தது.

உள்ளே பிள்ளை காதில் எதுவும் விழவில்லை. ஹீ கோஸ் என்று ஒரு வழியாகத் தடுக்காமல் வந்துவிட்டது, அந்தச் சந்தோஷத்தில் ஹீ கோஸ் ஹீ கோஸ் என்று பாட்டாகவே பாடிக்கொண்டு குதித்தது. நிறுத்துடி என்றாள் வேல்த்தாய். அவளுக்கே தெரியாத ஒரு குரலில் அது வந்தது. தன் அம்மாவின் குரல் மாதிரி இருந்தது. பிள்ளை நின்றது. உதடு பிதுங்கியது. "டெஸ்ட்ல முட்டை வாங்கினா நீங்கதானே அடிப்பீங்க" என்றது. அதுவும் நியாயம்தான். பீஸ் கட்டிப் படிக்கவைத்துவிட்டுப் படிக்காதே என்றால் எந்த ஊர் நியாயம். வேல்த்தாய் முட்டி போட்டு உட்கார்ந்து பிள்ளையின் மூக்கைச் சேலை முந்தானையால் துடைத்தாள். வா-வுக்கு இங்கிலீஷில் என்ன, கம் தானே, அதையும் ஆள் ஆளாக மாற்றத் தெரியுமா என்று கேட்டாள். அது போன வாரமே முடிச்சாச்சு என்றது பிள்ளை அலட்சியமாக. அப்படியானால் இரண்டையும் சேர்த்துச் சொல்லு என்றாள். ஒன்று சொன்னால் கூடவே அடுத்ததையும் சொல்ல வேண்டும், ஒன்றைத் தனியாக விடக் கூடாது, ஜோடி ஜோடியாக. மிஸ் கேட்பாங்களே என்றது. எங்க வீட்டில் இப்படித்தான் சொல்வோம் என்று சொல்லு என்றாள். பிள்ளை சந்தேகமாகத்தான் ஆரம்பித்தது. ஐ கோ, ஐ கம். யூ கோ, யூ கம். வேல்த்தாய் மறுபடி நடைக்கு வந்து கம்பியை எடுத்தாள். உள்ளே ஹீ வந்ததும் அவள் உதடும் அசைந்தது. ஹீ கோஸ். இந்தத் தடவை குரலும் கூடவே வந்துவிட்டது, ஆறாம் வகுப்பில் வராத குரல், கரகரவென்று, வேற யாரோ பேசினாற்போல. ஹீ கம்ஸ். காகிதம் சுற்றும்போது கோஸ், கம்பியை உருவும்போது கம்ஸ். தட்டு நிறைந்து வழிகிற வரைக்கும் அம்மாவும் மகளும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெயில் நடையை விட்டு இறங்கித் தெருவுக்குப் போனது, எதிர்ச்சுவரில் ஏறியது.

எப்போதும் வருகிற நேரத்துக்குச் சரியாக வண்டிச் சத்தம் கேட்டது. வேல்த்தாய் எழுந்திருக்கவில்லை. அவன் வரும்போது அவள் முகத்தைப் பார்ப்பதில்லை, முதலில் செருப்பைத்தான் பார்ப்பாள், செருப்புக்குள் கால் இருக்கிறதா என்று. இருந்தது. இரண்டு கால், விரல் விரலாக, புழுதியோடு. அப்பா என்று கனிஷ்கா பாய்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தூக்கும்போதே அவன் தாயி என்றான், யாரை என்று தெரியாதபடிக்கு. வேலை எப்படி என்று கேட்டாள் வேல்த்தாய். "எப்பவும் போலத்தான்" என்றான்.

அவள் செம்பில் தண்ணீரோடும் சோப்போடும் முருங்கை மரத்தடிக்குப் போனாள். தினமும் நடக்கிறதுதான். மருந்து ரூமிலிருந்து வருகிறவன் கையில் அலுமினியத் தூள் அப்பியிருக்கும், நகக்கண்ணில், ரேகையில், முழங்கை வரைக்கும் வெள்ளிப் பாத்திரம் மாதிரி. தேங்காய் நாரைப் போட்டுத் தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் நிறமாகத் தண்ணீர் ஓடும், அவள் ஊற்றிக்கொண்டே இருப்பாள். அவன் குத்தவைத்து உட்கார்ந்து கையை நீட்டினான். கை சுத்தமாக இருந்தது. நகக்கண்ணில்கூட ஒன்றுமில்லை. அவன் மேல் மருந்து வாசனை இல்லை, வெயில் வாசனைதான் அடித்தது. சட்டை முதுகில் கருவேல முள் ஒன்று, அதன் மஞ்சள் பூவோடு, மாட்டிக்கொண்டிருந்தது. அந்த மரம் கண்மாய்க் கரையில்தான் இருக்கிறது, கம்பெனிக்குப் போகிற வழியில். வேல்த்தாய் செம்பைச் சாய்க்காமல் நின்றாள். தண்ணீர்த் தொட்டியில் திரும்பும்போதே அவனுக்கும் உறைத்திருக்கிறது. திரும்பி வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவான், காது இல்லாத மருந்து என்று பேசியவன். போகவும் முடியாமல் வரவும் முடியாமல் பொழுதெல்லாம் அந்த முள் நிழலில் உட்கார்ந்திருக்கிறான். அவள் போட்ட போன் அவன் மடியில்தான் அடித்திருக்கிறது. அவள் பேர் தெரியத் தெரிய, அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். இந்தப் பயம் இந்த வீட்டில் தன் ஒருத்தியிடம்தான் இருக்கிறது, தான் வைத்துக்கொண்டால் போதும், அவன் லேசாகப் போய் லேசாக வருவான் என்றுதான் இத்தனை வருஷமும் அவள் நினைத்திருந்தாள். அவன் ஒவ்வொரு நாளும் அந்தத் தொட்டி வரைக்கும் போய், அங்கே என்னத்தை முழுங்கிக்கொண்டு கம்பெனிப் பக்கம் திரும்புகிறானோ. நாளைக்கு ஞாயிறு. திங்கட்கிழமை பிள்ளைக்கு டெஸ்ட், அவனுக்கு மருந்து ரூம்.

முதுகிலிருந்த முள்ளை அவள் எடுக்கவில்லை, எடுத்தால் பேச வேண்டி வரும். செம்பைச் சாய்த்தாள். அவன் நாரை எடுத்துச் சோப்பைப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தான், விரலிடுக்கு, நகக்கண், முழங்கை, தினமும் எப்படித் தேய்ப்பானோ அப்படியே, அதே நிதானத்தில், தோல் சிவக்கிற வரைக்கும். தண்ணீர் தெளிவாகவே ஓடி முருங்கை வேரில் இறங்கியது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள். வீட்டுக்குள் கனிஷ்கா ஜோடி ஜோடியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். செம்பு காலியானது.

"போதுமாங்க?" என்றாள்.

அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இன்னும் போகலை. ஊத்து" என்றான்.

அவள் இன்னொரு செம்பு மொண்டு வந்து ஊற்றினாள்.